ஃபார்மட் போடுமுன் ஒரு விண்ணப்பம்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் கணினி பழுதுநீக்கும் தொழிலை மேற்கொண்டிருக்கும் அன்பர்களுக்கு,



இரு நகரங்களின் கடைவீதிகளிலும், எங்கள் பாடாலூரைப் போலத் திருச்சி–சென்னை நெடுஞ்சாலையை ஒட்டி வளர்ந்துவரும் ஊர்களிலும், ஜெராக்ஸ் கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவே பத்தடி அகலத்தில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, திறந்து கிடக்கும் யந்திரங்களுக்கும் சுருண்டு கிடக்கும் கம்பிகளுக்கும் இடையில் காலை முதல் இரவு வரை குனிந்த தலை நிமிராமல் உழைக்கும் உங்களைக் கருதியே இம்மடலை எழுதுகிறேன். உங்கள் தொழில்மீது எனக்குள்ள மதிப்பு பெரிது. அந்த மதிப்பு இல்லாவிடில், இத்தனை நாள் மனத்துக்குள் வைத்திருந்த குறையை உங்களிடமே நேராகச் சொல்லவேண்டும் என்ற எண்ணமும் எனக்குத் தோன்றியிராது.

குறை இதுதான். நேற்று வரையில் நன்றாக இயங்கிய கணினி இன்று காலை பொத்தானை அழுத்தியதும் நீலத் திரையில் ஏதோ நாலு வரியைக் காட்டிவிட்டு அணைந்துபோகிறது, அல்லது வட்டமாகச் சுற்றும் புள்ளிகளோடு நின்றுவிடுகிறது என்று நாங்கள் அதைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வந்தால், ஐந்து நிமிஷ நேரம்கூட ஆகுமுன்பே, “ஓ.எஸ். கரப்ட் ஆயிடுச்சு சார், ஃபார்மட் போட்டாதான் சரியாகும்” என்ற தீர்ப்பு வந்துவிடுகிறது. மாலையில் யந்திரம் எழுந்து நிற்கிறது, சந்தேகமில்லை. ஆனால் அதற்குள் இருந்தவை எல்லாம் போய்விடுகின்றன. போனவற்றைப் பற்றிக் கேட்டால், “டி டிரைவ்ல இருந்ததை நான் தொடவே இல்லையே” என்று நீங்கள் சொல்வது வழக்கமாகிவிட்டது. சொல்வது உண்மையே. எனினும், எங்களில் எத்தனை பேர் டி டிரைவில் எதையாவது வைக்கிறோம் என்று நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? கண்ணெதிரே தெரியும் டெஸ்க்டாப்பில் ஓர் அடைவை உண்டாக்கி, அதற்கு மகன் பெயரையோ குலதெய்வத்தின் பெயரையோ இட்டு, பட்டா நகலையும் கல்யாணப் புகைப்படங்களையும் செட்டிகுளத்து மண்டிக்குப் போட்ட சின்ன வெங்காயத்தின் கணக்கையும் அதற்குள்ளேதான் போட்டு வைக்கிறோம். அந்த டெஸ்க்டாப் சி டிரைவுக்குள் அடக்கம் என்பது உங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. ‘மை டாக்குமெண்ட்ஸ்’ அங்கேதான் இருக்கிறது. பதிவிறக்கம் செய்தவை அங்கேதான் இருக்கின்றன. டாலி மென்பொருளை நிறுவும்போது இடம் மாற்றிச் சொல்லாதவர்களின் வியாபாரக் கணக்கு முழுவதும்கூட அங்கேதான் இருக்கிறது.

எங்கள் ஊரில் தட்டச்சுக் கடை நடத்திப் பிழைக்கும் ஒரு பெண்மணிக்கு நேர்ந்ததை மட்டும் சொல்லுகிறேன். பழுதுநீக்கிய கடை எது என்பது இங்கே வேண்டாத விஷயம். விண்டோஸ் புதுப்பிப்பு நடந்துகொண்டிருந்த சமயத்தில் மின்சாரம் போயிற்று, யு.பி.எஸ். மின்கலம் முன்பே செத்திருந்தது. மறுபடி மின்சாரம் வந்தபோது கணினி எழவில்லை. அன்று மாலையே ஃபார்மட் போட்டு, மலையும் ஏரியும் தெரியும் புதிய படம் ஒன்றைத் திரையில் வைத்து, 500 ரூபாய் வாங்கிக்கொண்டு யந்திரத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள். பென் டிரைவில் தற்செயலாகத் தப்பியிருந்த சில விண்ணப்பங்களை அந்த அம்மாள் திறந்து பார்த்தபோது, தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. ஆங்கில எழுத்துகளும் அடைப்புக்குறிகளும் அர்த்தமின்றிக் கலந்து கிடந்தன. அவர் பல வருஷங்களாக வானவில், பாமினி எழுத்துருக்களில் தட்டச்சு செய்து வந்தவர். அந்த எழுத்துருக்களும் சி டிரைவோடு போயின. எழுத்துருவை மறுபடி நிறுவினால் எழுத்து திரும்பிவிடும் என்று நீங்கள் உடனே சொல்லக்கூடும். அதை அவரிடம் அன்று யாரும் சொல்லவில்லை. தம் கடையில் எழுதிக்கொடுத்த மனுக்களின் நகலைக் கேட்டு வருகிறவர்களுக்கு அவர் இன்றைக்கும் கைவிரிக்கவேண்டியிருக்கிறது.

இப்போது நடந்தது என்ன என்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். விண்டோஸ் என்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் அடங்கிய ஒரு பெரிய தொகுதி. அவற்றுள் ஒன்றோ இரண்டோ, அரைகுறையாக எழுதப்பட்ட நிலையில் மின்சாரம் போனதாலோ, ஹார்ட் டிஸ்கின் தட்டில் ஓரிடம் பழுதானதாலோ, திருட்டுப் பிரதியை இயக்குவதற்காகப் போட்ட கிராக் நிரல் கைவைத்ததாலோ கெட்டுப்போயின. யந்திரம் படியேறுவதுபோல் ஒவ்வொரு கட்டமாக எழுவது; முதலில் பயாஸ் தன் உறுப்புகளைச் சோதித்துக்கொள்ளும், பிறகு பூட் மேனேஜர் வரும், அது பி.சி.டி. என்னும் குறிப்பேட்டைப் பார்த்து விண்டோஸ் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும், பிறகு கெர்னலும் டிரைவர்களும் ரெஜிஸ்ட்ரியின் ‘சிஸ்டம்’ பகுதியும் நினைவகத்தில் ஏறும். இந்தப் படிகளில் ஒன்று இடறியது, அவ்வளவே. அந்த அம்மாளின் மனுக்கள் இருந்த அடைவுக்கும் இடறிய அந்தப் படிக்கும் எவ்விதச் சம்பந்தமும் கிடையாது. கெட்டது கையளவு, அழித்தது முழுவதும் என்னும் இந்த விபரீதத்தைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

இது சிற்றூர்க்காரன் ஒருவனின் புலம்பல் என்று நீங்கள் தள்ளிவிடக் கூடாது என்பதற்காக, உலகமெல்லாம் அறிந்த ஒரு சம்பவத்தை நினைவூட்டுகிறேன். 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான கோப்பினால், மைக்ரோசாஃப்ட் கணக்கின்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றுபோயின. ஆஸ்பத்திரிகளும் வங்கிகளும் விமானக் கம்பெனிகளும் ஸ்தம்பித்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் பிரயாணிகளுக்குப் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக்கொடுத்த காட்சியை நீங்களும் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். அந்த 85 லட்சம் யந்திரங்களுக்கும் சொல்லப்பட்ட சிகிச்சை என்ன? சேஃப் மோடிலோ பழுதுநீக்கத் திரையிலோ யந்திரத்தை எழுப்பி, சிஸ்டம்32 அடைவுக்குள் டிரைவர்ஸ், அதற்குள் கிரவுட்ஸ்ட்ரைக் என்று இறங்கி, பெயரில் 291 என்ற எண் வரும் ஒரு கோப்பை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி இயக்கு என்பதே. உலகத்தின் பெரிய பெரிய கம்பெனிகளில் உட்கார்ந்திருந்த நிபுணர்கள், தங்கள் யந்திரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, ஒரு கோப்பை ஒவ்வொன்றிலும் அழித்தார்கள். சிலருக்கு பிட்லாக்கரின் 48 இலக்கச் சாவி எண்ணைத் தேடியெடுத்துத் தட்டுவதே பெரிய பிரயாசையாகிவிட்டது. ஆயினும் பொறுமையோடு அந்த வழியிலேயே போனார்கள்.

நீங்கள் அந்த வழியை அறியாதவர்கள் அல்ல என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அடுத்தடுத்து இரண்டு முறை எழத் தவறிய விண்டோஸ் தானாகவே பழுதுநீக்கத் திரைக்கு வந்துவிடும். வராவிட்டால் 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் நிறுவல் வட்டை ஏற்றி அங்கே போய்ச் சேரலாம். ஸ்டார்ட்அப் ரிப்பேர் ஒரு முயற்சி. அது கைகொடாவிட்டால் சிஸ்டம் ரெஸ்டோர். பூட் சம்பந்தமான கோளாறு என்று பிழை எண்ணே காட்டிக்கொடுத்தால் பூட்ரெக், பி.சி.டி.பூட் ஏவல்கள். சிஸ்டம் கோப்புகள் கெட்டிருந்தால் எஸ்.எஃப்.சி. என்னும் ஏவல், பழுதுநீக்கத் திரையில் இருந்து அதைக் கொடுக்கும்போது, விண்டோஸ் இருக்கும் இடம் சி என்று காட்டாமல் டி என்றோ ஈ என்றோ மாறிக் காட்டக்கூடும் என்பதைக் கவனித்துச் சரியான எழுத்தைக் கொடுக்கவேண்டும் என்பதும் நீங்கள் அறிந்ததே. அது கவனிக்கப்படாததனால்தான், “எஸ்.எஃப்.சி. போட்டுப் பார்த்தேன், ஒண்ணும் ஆகல” என்று பாதியில் கைவிடப்பட்ட யந்திரங்கள் சில உண்டு என்று நினைக்கிறேன். விண்டோஸ் 7 போட்ட பழைய யந்திரங்களில் ரெஜிஸ்ட்ரியின் ஒரு பிரதி ரெக்பேக் என்ற அடைவில் கிடக்கும். 2018-ஆம் வருஷத்து விண்டோஸ் 10 பதிப்பு முதல் அது தானாக எடுத்துவைக்கப்படுவதில்லை. ஆகையால் பழைய யந்திரம் என்று நீங்கள் அலட்சியப்படுத்துவதில்தான் சில வேளை மீட்சிக்கு அதிக வழி இருக்கிறது.

இவ்விடத்தில் நம் மண்ணோடு சம்பந்தப்பட்ட ஒரு பெரியவரைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. மகாமகோபாத்தியாய உ.வே. சாமிநாதையர் தம் இளமைக் காலத்தில் அரியலூரிலும் குன்னத்திலும் காரையிலும் வசித்தவர். செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் காரிகைப் பாடம் கேட்டவர். பிற்காலத்தில் 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும் அவர் அச்சில் கொண்டுவந்தபோது, கையில் கிடைத்த ஏடுகள் எத்தகைய நிலையில் இருந்தன? செல்லரித்தவை, முனை முரிந்தவை, எழுதினவன் பிழையால் அடி மாறியவை. ஓர் ஏட்டில் சிதைந்த சொல்லை மற்றோர் ஊரிலிருந்து வந்த ஏட்டோடு ஒப்புநோக்கி, நல்ல பாடத்தைக் கண்டு, அந்த இடத்தில் மட்டும் அதைப் பொருத்தினார். உங்கள் எஸ்.எஃப்.சி. ஏவல் செய்வதும் அக்ஷரசுத்தமாக இந்தக் காரியத்தையே. வின்எஸ்எக்ஸ்எஸ் என்னும் அடைவில் சேமித்து வைத்திருக்கும் நல்ல பிரதியோடு ஒவ்வொரு சிஸ்டம் கோப்பையும் ஒப்பிட்டு, மாறுபட்டதை நீக்கிச் செவ்வையானதை வைக்கிறது; அந்தச் சேமிப்பே கெட்டிருந்தால் டிசம் என்னும் ஏவல் மைக்ரோசாஃப்டின் கிடங்கிலிருந்தோ நிறுவல் வட்டிலிருந்தோ நல்ல பிரதியைக் கொணர்ந்து அதனைச் சீராக்குகிறது. மாறாக, கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடு தேடிச் சென்றபோது, பழுதுபட்ட சுவடிகள் ஆகமத்தின் பெயரால் நெருப்பில் ஆகுதி செய்யப்பட்டுவிட்டன என்ற செய்தியைக் கேட்டு ஐயர் அடைந்த வேதனை அவருடைய சுயசரிதத்தில் பதிவாகியிருக்கிறது. பழுதுபட்டதைச் சுத்தமாக்க நெருப்பே சிறந்தது என்று அவற்றை எரித்தவர்களும் நல்லெண்ணத்தோடுதான் நினைத்திருப்பார்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் நிறுவனத்தின் மூலமாக நம் மாவட்டங்களின் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கணினிகள் வந்தன. ஆரம்ப வருஷங்களில் வந்தவற்றில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஒன்று எழாவிட்டால் மற்றொன்றில் நுழைந்து, கெட்டுப்போன விண்டோஸின் வயிற்றுக்குள் இருக்கும் கோப்புகளை எல்லாம் சாவதானமாகப் பென் டிரைவில் இறக்கிக்கொள்ளும் வசதி அந்த யந்திரத்தின் உள்ளேயே இருந்தது. ஆனால் உங்களிடம் வந்த முதல் தடவையிலேயே, “இதெல்லாம் எதுக்கு, இடத்தை அடைக்குது” என்று சொல்லப்பட்டு, லினக்ஸ் பகுதி அழிக்கப்பட்டு, திருட்டு விண்டோஸ் ஒன்று வட்டு முழுவதும் பரப்பப்பட்டது. அதற்கு அந்தப் பிள்ளைகளும் ஆசைப்பட்டார்கள் என்பதை மறுக்கவில்லை. அடுத்த தடவை யந்திரம் படுத்தபோது, உள்ளே நுழையும் புழைக்கடை வாசல் இல்லாமல் போயிற்று. குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகிறவனின் புராஜெக்ட் ரிப்போர்ட் எத்தனை அப்படிப் போயிற்றோ!

உங்கள் தரப்பில் சொல்ல வேண்டியது இல்லாமல் இல்லை. எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளர் அரை மணிக்கு ஒரு தரம், “ஆச்சா தம்பி?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். பழுதை ஆராய்ந்து கண்டுபிடிக்கச் செலவான மூன்று மணி நேரத்துக்கு யாரும் கூலி தருவதில்லை, “நாலு பட்டனைத் தட்டினதுக்கா இவ்வளவு?” என்று பேரம் பேசுகிறார்கள். ஃபார்மட் போட்டால் ஒரு மணியில் முடியும், மறுபடி வராது, பணமும் நிச்சயம். மேலும், கெட்ட கோப்புகளைச் செப்பனிட்டு அனுப்பிய யந்திரம் பத்து நாளில் மீண்டும் படுத்துவிட்டால் பழி உங்கள்மீதே விழுகிறது. மூல காரணம் சாகக் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்காக இருந்தாலும் அதை யாரும் ஒப்புக்கொள்வதில்லை. இவ்வளவும் நியாயமான வருத்தங்கள். ஃபார்மட் போட்டே தீரவேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. வைரஸ் ஊறிப்போன யந்திரத்திலும், ஒவ்வொரு கோப்பும் கிராக்கினால் மாற்றப்பட்ட விண்டோஸிலும் ஒட்டுப்போட்டுக்கொண்டிருப்பது வீண் வேலை என்பதில் எனக்கும் அபிப்பிராய பேதமில்லை.

ஆனால் அப்போதும், புதிய விண்டோஸ் போடுவதும் சி டிரைவை அழிப்பதும் வெவ்வேறு காரியங்கள் அல்லவா? நிறுவும்போது அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்து ‘ஃபார்மட்’ பொத்தானை அழுத்தாமல் மேலே சென்றால், பழையது முழுவதும் ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்ற அடைவுக்குள் ஒதுக்கிவைக்கப்படுகிறது. பயனர்களின் டெஸ்க்டாப்பும் டாக்குமெண்ட்ஸும் அதனுள் அப்படியே கிடக்கும், தாமதியாமல் வெளியே எடுத்துக்கொள்ளலாம். ஒரு பொத்தானை அழுத்தாமல் விடுவதற்குக் கூலி கேட்கும் மனிதர்கள் நீங்கள் அல்லர். பின்னால் ரெகவரி மென்பொருள் போட்டு எடுத்துத் தரலாமே என்ற சமாதானமும் செல்லாது. அழித்த இடத்தின்மேல் 20 ஜி.பி.க்கும் அதிகமான புதிய விண்டோஸை எழுதிய பிறகு, கீழே இருந்தது எவ்வாறு மீளும்? எஸ்.எஸ்.டி.யாக இருந்தால் டிரிம் என்னும் ஏற்பாடு மிச்சத்தையும் துடைத்துவிடுகிறது.

ஆகவே என் விண்ணப்பத்துக்கு வருகிறேன். எழாத கணினி ஒன்று உங்கள் மேஜைக்கு வந்ததும், எதையும் சரிசெய்யத் தொடங்குமுன், உள்ளே இருப்பதை வெளியே எடுத்துவிடுங்கள். லைவ் லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவ் ஒன்றும் ஒரு டி.பி. வெளிவட்டு ஒன்றும் உங்கள் கடையில் இதற்கென்றே இருக்கட்டும். யூசர்ஸ் அடைவையும், டாலி டேட்டா இருக்கும் அடைவையும், ஃபான்ட்ஸ் அடைவையும் பிரதி எடுங்கள். ஹார்ட் டிஸ்க் டிக் டிக்கென்று ஓசை எழுப்பினாலோ ஸ்மார்ட் சோதனை அபாயம் காட்டினாலோ, செக்டிஸ்க் ஏவலைக் கொடுத்து அந்த வட்டை மேலும் வருத்தாதீர்கள். பிரதி எடுத்த பின்பே எந்தச் சிகிச்சையும். புதிய மடிக்கணினிகளில் வட்டு பூட்டப்பட்டிருக்கும் என்பதால், சாவி எண் வாடிக்கையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று அவரையே உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகு ஓர் அரை மணி நேரம் செப்பனிடும் ஏவல்களுக்குக் கொடுங்கள். அந்த அரை மணியில் எழாவிட்டால் வேறு முடிவு செய்யுங்கள், தடை சொல்லமாட்டோம்.

எடுத்த பிரதியை வாடிக்கையாளர் சரிபார்த்து வாங்கிக்கொண்டதும் உங்கள் வட்டிலிருந்து அழித்துவிடுங்கள்; வீட்டுப் பெண்களின் புகைப்படங்களும் வங்கிக் காகிதங்களும் அதில் இருக்கும் என்பதை நான் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

இதற்கெல்லாம் நேரம் ஆகும், நேரத்துக்குக் கூலியும் உண்டு. பிரதி எடுக்க இவ்வளவு, ஆராய்ந்து பார்க்க இவ்வளவு, புதிதாகப் போட இவ்வளவு என்று மூன்று தொகையையும் கடைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். 200 ரூபாய் கூடுதலாகக் கேட்டால் முணுமுணுப்போம், ஆனாலும் கொடுப்போம். ரசீதில் ஒரு வரி அச்சடித்து வையுங்கள்: ‘சி டிரைவில் உள்ளவை அழியும், டெஸ்க்டாப்பும் அதில் அடக்கம், பிரதி எடுக்கவேண்டுமா?’ அதைத் தமிழில் வாய்விட்டுப் படித்துக் காட்டி, ஆம் அல்லது வேண்டாம் என்ற இடத்தில் எங்களைக் கையெழுத்திடச் சொல்லுங்கள். வேண்டாம் என்று கையெழுத்திட்ட பின்னும் எங்களில் ஒருவர் வந்து உங்கள் கடை வாசலில் சண்டை பிடித்தால், அன்றைக்கு உங்கள் பக்கம் நின்று பேச முதல் ஆளாக நான் வருகிறேன்.

இங்ஙனம்,
பாடாலூர்வாசி ஒருவன்